நாற்பத்தாறில் ரன் அவுட்

என்னுடன் ஓப்பனிங் இறங்குபவளுக்கு,

நீ தங்கவயலிலிருந்து வந்து நம் தொம்மலூர் பள்ளியில் சேரும்வரை, கேர்ள்ஸ் டீமில் நான்தான் பெரிய பேட்டர். இந்த சீசனின் முதல் மேட்சில் நான் முப்பத்தொன்று அடித்தேன், நீ எழுபத்திரண்டு. அடுத்த மூன்று மேட்சிலும் அப்படித்தான். என் ஆட்டத்தைப் பார்க்க வந்த அப்பாவே, "யாரும்மா அந்தப் பொண்ணு? சூப்பரா ஆடுது!" என்று வீடு வரைக்கும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஆனேக்கலில் நடந்த செமிஃபைனலில் நீ நாற்பத்தாறில் இருந்தாய். அப்பா உனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் பந்தைத் தட்டிவிட்டு "வா, வா" என்று கூப்பிட்டேன். நீ பாதி தூரம் வந்த பிறகு "நோ" என்று கத்திவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். நீ திரும்புவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்தது.

அதில் ஒரு ரன் தாராளமாக இருந்தது. எனக்குத் தெரியும்.

ஆறு ரன்னில் தோற்றோம். நீ நம் கோச் வின்சென்ட் சாரிடம், "என் தப்பு சார், நாந்தான் அவசரப்பட்டு ஓடிட்டேன்" என்றாய். உன்னுடைய அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று சார் மாவட்ட கேம்ப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார். "அவளுக்கு ரன்னிங் சரியில்லம்மா" என்றார். அப்பா மைசூர்பாகு வாங்கி வந்தார். நான் அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன். இன்று காலை சாரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை கேம்ப். 'நன்றாக ஆடு' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் மனசு வரவில்லை. போய் ஆடு.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி