திருப்பிவிட்ட எண்

மார்ச் 4, திங்கள்

விமானம் ஏறுமுன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டி வைத்தேன். அந்த நொடியில் எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது? தெரியவில்லை. செலவு மிச்சம் என்பது பதில் இல்லை. செலவு மிச்சமானால் மனிதருக்குச் சந்தோஷம் வரும். தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருக்காது.

ஏற்பாடு என்னவோ கச்சிதம்தான். ஊர் எண்ணை ரோமிங்கில் வைத்திருந்தால் ஐந்து வாரத்தில் பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்று கல்லூரியில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். தம்பிதான் வழி சொன்னான். "உன் நம்பருக்கு வர்றதையெல்லாம் என் நம்பருக்குத் திருப்பி விட்டுட்டுப் போக்கா. கேஸ்காரன், பிளம்பர், காலேஜ், எவன் கூப்பிட்டாலும் நான் பார்த்துக்கறேன். உனக்கு ஒரு பைசா ஆகாது." கிளம்பும் முன்பே திருப்பிவிட்டேன். வீட்டுச் சாவியையும் அவனிடம் கொடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "நீ கூப்பிடாதே. நான்தான் தினமும் கூப்பிடுவேன்."

மார்ச் 5

இந்த ஊர் சிம் வாங்கியாயிற்று. கடைக்காரர் போனின் சிம் ட்ரேயைத் திறக்க ஊசி தேடினார், அகப்படவில்லை. என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன், திறந்துகொண்டது. இணையம் தாராளம். ஆனால் வெளிநாட்டுக்கு நேரடி அழைப்பு மாதம் நூறு நிமிடம். தம்பிக்கு இணையத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அம்மாவுக்குத்தான் நிமிடக் கணக்கு. நாளைக்கு மூன்று.

மார்ச் 7

மூன்று நிமிடத்தில் அம்மாவிடம் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, சமையலுக்கு வரும் அக்கா வந்தாளா. இரண்டே முக்கால் ஆனதும் என் குரலே மாறிவிடுகிறது. "சரிம்மா, அப்போ..." என்று ஒரு ராகம். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "வெச்சுடு, வெச்சுடு, மீட்டர் ஓடும்" என்று அவளே வைத்துவிட்டாள்.

நூறு நிமிடம் தீர்ந்தால் இன்னொரு நூறு வாங்கலாம். வாங்க முடியாதவள் இல்லை நான்.

மார்ச் 8

இன்று கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று நாளைக்குச் சொல்வேன்.

மார்ச் 11, திங்கள்

இங்கே உலர்தாவரக் காப்பகத்தில் என் வேலை, ஒரு புல் இனத்தின் பழைய மாதிரிகளை எடுத்து எங்கள் மாதிரிகளோடு ஒப்பிடுவது. இன்று ஒரு தாளில் முன்னே யாரோ பெரியவர் ஒருவர் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறார். கதிர் இருந்த காகித உறையைப் பார்த்தால் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. திறக்கவேயில்லை! திறந்து பார்த்தால் வேறு இனம். நாற்பது வருடமாக எல்லோரும் அந்தக் கையெழுத்தை நம்பியிருக்கிறார்கள். காப்பாளரிடம் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

மாலையில் அம்மா. கண் மங்கலாக இருக்கிறதாம். "நாலு வருஷமா அதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இருந்தா மங்கலாத்தான் இருக்கும். தெருமுனைக் கடையில மாத்திக்கோம்மா" என்றேன். "இதுவே போதும்" என்றாள். எப்போதும் அதே பதில். எண்களே தெரிவதில்லை, போனில் பட்டனைத் தடவித்தான் அழுத்துகிறாள். இரண்டை அழுத்திப் பிடித்தால் நான். அதற்குமேல் அவளுக்கு எண் தேவைப்பட்டதில்லை.

மார்ச் 14

இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மூன்று நிமிடம் முடியும் தறுவாயில் அம்மா சொன்னாள்: "உன் வீட்டு அடுக்களைக் குழாய் இன்னும் ஒழுகுதாம். வாஷர் மாத்தியும் நிக்கலையாம்."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

"யாரும்மா?"

"மீட்டர் ஓடுதுடி. வை."

என் வீட்டுச் சாவி இருப்பது தம்பியிடம் மட்டும். தம்பியும் அம்மாவும் பேசி நான்கு வருடம் ஆகிறது.

மார்ச் 15

தம்பியை அழைத்தேன். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தான், யாருக்கோ லென்ஸ் மாட்டிக்கொண்டே பேசினான்.

"அம்மா உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"என்னை எங்க கூப்பிட்டாங்க? உன்னைத்தான் கூப்பிட்டாங்க. என்கிட்ட வந்துச்சு."

"எப்போ?"

"நீ போன மறுநாள்லேர்ந்து. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு."

முதல் நாள் அம்மா எதிரில் யாரென்றே பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டாளாம். "ஏண்டி, இந்தக் கண்ணு மருந்தை ஃபிரிட்ஜுல வைக்கணுமா, வெளியிலயா?" இவனும் கடைப் பழக்கத்தில் "ஃபிரிட்ஜுலதாம்மா" என்றிருக்கிறான். இவன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். மறுநாள் நான்கு மணிக்கு மறுபடியும். இவன் "ஹலோ" என்பான், அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவாள். நான்கு நாள் அப்படி. ஐந்தாவது நாள் "சாப்பிட்டியா?" என்றாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிட்டேன்னேன். சாப்பிடலை, ஆனா சொன்னேன்." சிரித்தான். "அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியாம உன் குழாயைப் பத்திச் சொன்னேன். இப்போ தினமும் குழாய்தான்க்கா. உன் குழாய் வாழ்க!"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஏதாவது சரி பண்ணிடுவேன்னு பயம்."

வேடிக்கையாகத்தான் சொன்னான்.

மார்ச் 16, சனி

காப்பகம் விடுமுறை. அறைக்குள்ளேயே இருந்தேன். மழை.

அப்பா போன அன்றைக்குத் தம்பியின் போன் அணைந்திருந்தது. வெளியூரில் சரக்கெடுக்கப் போனவன், வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் தாமதமாக வந்தான், எல்லாம் முடிந்திருந்தது. அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அப்பா மூணு தடவை உன்னைக் கேட்டாரு. மூணு தடவையும் எவளோ ஒருத்திதான் ஸ்விட்ச் ஆஃப்னு சொன்னா. இனிமே அவளையே அம்மான்னு கூப்பிட்டுக்கோ." அவன் அன்றைக்கே போனவன்தான். பிறகு எண்ணையும் மாற்றிக்கொண்டான்.

அதன்பின் நான்தான் நடுவில். அவனுடைய செய்தி அவளுக்கு, அவளுடைய செய்தி அவனுக்கு. அவள் உண்மையில் செய்தி எதுவும் அனுப்பியதில்லை. "அவன் பிள்ளைங்க எப்படி இருக்காம்" என்பாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

எழுதிவிட வேண்டும். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவேன்.

இரண்டு வருடம் முன்பு, அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தம்பி கேட்டான்: "நான் வரட்டுமா? அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுக்கா." இரண்டு நாள் கழித்து, "வேண்டாம்னுட்டாங்கடா" என்றேன்.

நான் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்கவேயில்லை. அவளைத்தான் எனக்குத் தெரியுமே, அழுவாள், கத்துவாள், எனக்கு அன்றைக்கு ஒருநாள்தான் விடுப்பு, எதற்கு வம்பு — இப்படியெல்லாம் அப்போது காரணம் இருந்தது. இன்று அதில் ஒன்றுகூட நிற்கவில்லை. இன்னொன்றும் இருந்திருக்குமோ? இரண்டை அழுத்தினால் நான் மட்டும் என்பது எனக்குப் பாரமாக மட்டுமா இருந்தது? அலுத்துக்கொண்டே இருந்தேன், யாருக்கும் விட்டும் கொடுக்கவில்லை.

உறையைத் திறக்காமல் கையெழுத்துப் போட்ட பெரியவரைத் திட்டினேனே. என்ன வாய் எனக்கு.

அம்மா மாற்ற மறுக்கும் அந்தக் கண்ணாடி தம்பி அளவெடுத்துப் போட்டுக் கொடுத்தது. இதுகூட இன்றுதான் புரிகிறது.

மார்ச் 18

பயந்தது வந்துவிட்டது. காப்பகத் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். தம்பி கூப்பிட்டான். பேச்சுவாக்கில்தான் கேட்டான்.

"அக்கா, ரெண்டு வருஷம் முன்ன நான் வரட்டுமான்னு கேட்டேனே. அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க? சரியா என்ன வார்த்தை?"

"ஏன்?"

"இல்ல, நேத்து அம்மா, 'உங்கப்பா நாளுக்குக்கூட எட்டிப் பார்க்கத் தோணலையே உனக்கு'ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. வேண்டாம்னு சொன்னவங்க ஏன் இப்படிக் கேட்கணும்?"

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. முதல்ல உன்கிட்ட கேட்டுக்கலாம்னு."

முதலில் என்னிடம் கேட்கிறான். இன்னமும் என்னை நம்பித்தான் இருக்கிறான்.

"லைன் சரியில்லைடா, குரல் உடையுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 19, செவ்வாய்

ரோமிங் திட்டம் ஒன்று வாங்கினேன். கண்ணாடிக் கூட்டிலிருந்து ஊர் சிம்மை எடுத்தேன். மாதிரிகளைப் பிரிக்கும் ஊசியாலேயே ட்ரேயைத் திறந்தேன். பத்து நிமிடம் தேடிய பிறகுதான் சிக்னல் வந்தது. பிறகு திருப்பிவிட்டதை ரத்து செய்தேன். ஒரு வரிச் செய்தி வந்தது, ரத்தாகிவிட்டது என்று.

தம்பிக்கு எழுதினேன்: "கல்லூரியிலிருந்து அவசர அழைப்பு வரும் போலிருக்கிறது. என் எண்ணை நானே எடுத்துக்கொண்டேன்." அவன் கட்டைவிரல் படம் அனுப்பினான்.

கல்லூரியிலிருந்து எந்த அழைப்பும் வரப்போவதில்லை. நாளை நான்கு மணிக்கு அம்மா இரண்டை அழுத்தினால் அவன் வரக் கூடாது. அதற்காகத்தான். அம்மாவுக்காகத்தான் இவ்வளவு செலவு என்று யாராவது கேட்டால் சொல்லலாம். நல்ல மகள் என்பார்கள்.

சீ.

மறுபடி திருப்பிவிடலாம். போன் மேசைமேல்தான் இருக்கிறது. இரண்டு தடவை கையில் எடுத்தேன். இரண்டு தடவையும் கீழே வைத்தேன்.

மார்ச் 20

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே மாலை நான்கு மணி, இங்கே காலை பத்தரை. காப்பகத்தில் தாள்களை மூடிவிட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து முப்பத்தொன்றுக்கு மணி அடித்தது. தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

"வாஷர் வாங்கினியா?" என்றாள் அம்மா, ஹலோ சொல்வதற்கு முன்பே. அப்படி ஒரு குரலை நான் கேட்டு வெகுநாள் ஆகிறது.

"அம்மா, நான்தாம்மா."

"நீயா," என்றாள். "அவன் எங்க?"

"என் நம்பரை நானே எடுத்துக்கிட்டேன்மா."

"ஓ," என்றாள். பிறகு, "சரி, அவன் நம்பர் என்ன, சொல்லு. இரு, பேனா எடுத்துக்கறேன்." ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம். "பெரிசு பெரிசா எழுதிக்கறேன். சமையலக்கா வந்தா மூணுல போட்டுத் தருவா. ம், சொல்லு. மெதுவா."

சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு எண்ணையும் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஆறாவது எண் ஏழு. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன்.

"அம்மா. ரெண்டு வருஷம் முன்ன, அப்பா நாளுக்கு வரட்டுமான்னு உன்கிட்ட கேட்கச் சொன்னான். நான் கேட்கலை. நீ வேண்டாம்னு சொன்னதா நானே அவன்கிட்ட சொல்லிட்டேன்."

பேனா காகிதத்தில் உரசும் சத்தம் நின்றது. தாழ்வாரத்தின் கோடியில் காப்பாளர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார். நான் மணியைப் பார்க்கவில்லை.

"ஏழு எழுதிட்டேன்," என்றாள் அம்மா. "ஏழுக்கு அப்புறம் என்ன?"

மீதி நான்கையும் சொன்னேன்.