தேரியூரிலிருந்து பனிக்கோட்டைக்கு மூன்று மணி நேரம்

காலை 8.10
வண்டி கிளம்பியபோது நான் கக்கூஸில் இருந்தேன். முதல் குறிப்பிலேயே இதைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் கேமராவில் பதிந்துவிட்டதாம், மறைத்துப் பயனில்லை.

நான் இசக்கியம்மாள். செவ்வாய் கிரகத்தில், தேரியூர் கேன்டீனில் தோசை சுடுகிறவள். பனிக்கோட்டை கேன்டீனுக்கு மாற்றல். இது புத்தம்புது விமானம், முதல் பயணம். பைலட் கிடையாது, தானே பறக்கிறது. உள்ளே நான் ஒருத்திதான். நான் சொல்லச் சொல்ல இதுவே எழுதிக்கொள்கிறது. நான் மூன்றாம் வகுப்பு, இது பெரிய படிப்பு.

தூரம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் மூன்று மணி. மூச்சுக்காற்று ஐந்து மணி நேரத்துக்கு.

காலை 9.30
எல்லாம் நலம். பனிக்கோட்டையில் விமானம் இறக்கும் மிக்கேல் ரேடியோவில் வந்தான். தேரியூரில் மூன்று வருஷம், பூமியில் இருக்கும் பொண்டாட்டி போட்டோவைப் பார்த்துக்கொண்டே என் கையால் சாப்பிட்டவன்.

"யக்கா, சட்னி கொண்டு வாறீங்களா?"

"உனக்கு எதுக்குடே சட்னி? பொண்டாட்டி போட்டோவைத் தொட்டுக்கிட்டுத் தின்னு."

காலை 11.20
பனிக்கோட்டை விளக்குகள் காலடியில் தெரிகின்றன. பலகையில் மீதி தூரம் ஆறு கிலோமீட்டர். ஒரு சுற்று சுற்றினோம். ஆறு. இன்னொரு சுற்று. ஆறு.

"தரை தெரியவில்லை. மீண்டும் முயல்கிறேன்" என்கிறது வண்டி. எனக்குத் தெரிகிறதே, மூதேவி.

மதியம் 12.15
இன்னும் ஆறு.

"யக்கா, வண்டி மூக்குல உருண்டையா ஒரு கண்ணாடி இருக்கு. அது வழியாத்தான் தரையைப் பாக்கும். அதுமேல என்னமோ அப்பியிருக்கு. புழுதியா?"

"சந்தனம்டே. புது வண்டின்னு பூசை போட்டோம்லா. நெத்தி மாதிரி இருந்துச்சு, பொட்டு வச்சேன்."

மிக்கேல் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் ரேடியோவில் கேட்டது.

"லேசாத்தான வச்சீங்க?"

"கல்யாண வீடு மாதிரி வச்சேன்."

மதியம் 12.40
அங்கிருந்து இறக்கவும் அந்தக் கண்ணாடிதான் வேண்டுமாம். வேறு வழி இல்லையாம். உள்ளே மூச்சுக்காற்று இன்னும் அரை மணிக்குத்தான். யாராவது வெளியே போய்ச் சுரண்ட வேண்டும்; இங்கே காற்று மெலிசு, ஆளைத் தள்ளாதாம். யாராவது என்றால் யார், மிக்கேலு?

"கண்ணாடி தெளிஞ்ச உடனே இறங்க ஆரம்பிச்சிரும் யக்கா. கதவும் தானா பூட்டிக்கும். அதுக்குள்ள ஓடி வந்துருங்க."

எனக்கு முழங்கால் வலி என்று அவனுக்குத் தெரியும்.

மதியம் 12.50
உடுப்பு மாட்டியாயிற்று. இடுப்பில் கயிறு. கையில் தோசைக்கரண்டி. இதைப் படிப்பவருக்கு ஒன்று. பயமாக இருக்கிறது. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தேன். இப்போது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இங்கே இருந்தால் போதும்.

மதியம் 1.02
வெளியே. சந்தனம் கல்லாக உறைந்திருக்கிறது. சுரண்ட... விரல் மரத்துவிட்டது. மேலே பாதி வந்துவிட்டது. அடியில் கொஞ்சம். சாமி, கொஞ்சம்தான்.

மதியம் 1.07
கண்ணாடி தெளிந்தது. வண்டி இறங்குகிறது. கதவு பூட்டிக்கொண்டது. நான் மூக்கில் இருக்கிறேன்.

"யக்கா, தரைக்கு வர பதினாலு நிமிசம் ஆகும். உடுப்புல காத்து எவ்வளவு இருக்கு?"

உடுப்பு முள் ஒன்பது நிமிஷம் காட்டுகிறது.

"இருவது இருக்குடே. நீ அழாம வண்டியை இறக்கு."

தோசைக்கரண்டி கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. புதுசு.