மிச்சமிருந்த ஒரு குழாய்

அக்கா,

வேலையில் சேர்வதற்காக இன்று ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். லேப்பின் கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை. நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

கருமத்தம்பட்டியில் நம் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். உங்கள் தறிச் சத்தத்தில்தான் நான் புத்தகங்கள் படித்தேன். உங்களுக்குச் சினைப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு, அது திரும்ப வருகிறதா என்பதை ரத்தத்திலேயே பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் கோவை லேப்பில், போதிய பேருடைய ரத்தம் சேர்ந்தால்தான் அந்தச் சோதனைக்கான கிட்டை, அதாவது மருந்தும் குழாய்களும் அடங்கிய பெட்டியை, பிரிப்பார்கள். பிரித்தால் அதிக நாள் தாங்காது. வசதியுள்ளவர்கள் மதராசுக்கு ரயிலேறினார்கள். நாம் பஸ் ஏறிப்போய், "ஆள் சேந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

"இன்னும் நாலு பேருக்குச் சீக்கு வரோணும்னு நானே சாமி கும்புடோணுமாட்ட இருக்குது அம்மணி" என்று சிரித்தீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒருநாள் ஆள் சேர்ந்தது. கிட்டில் மிச்சம் ஒரே குழாய்; இன்னும் ஒருவருக்குத்தான் பார்க்க முடியும். காத்திருந்தது நீங்களும், காரமடையிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணும். லேப்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கே பாத்துப்போடுங்க. நான் பக்கத்தூருதானுங்க, அடுத்தவாட்டி வாரேன்."

காரமடையும் ஏறக்குறைய அதே தூரம்தான், உங்களுக்குத் தெரியும்.

"அக்கா, இது கல்யாணப் பந்தி இல்லீங்க" என்றேன்.

"எதா இருந்தா என்ன கண்ணு? கைப்புள்ளக்காரிய நிக்க வெக்கலாமா?"

அவள் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.

அடுத்த கிட்டுக்கு ஆள் சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. ரிப்போர்ட் வருமுன் உங்கள் வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது. "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் நீங்கள்தான் "பரவால்லீங்க" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகும் சுவருக்கு அப்பால் தறி ஓடுகிறது; ஓட்டுவது வேறு யாரோ. நூல் அறுந்தால் நிற்கிறது. அந்த அமைதியில், முன்பு நீங்கள் கேட்பதுபோல், "இன்னிக்கு என்ன கதை அம்மணி?" என்று கேட்க யாருமில்லை. நான் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருக்கிறேன்; தறி மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது.

இன்று என் முறை வந்தபோது பின்னால் ஓர் அம்மாள் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். 'நீங்க போங்க' என்பது வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, ரத்தம் எடுப்பவரிடம் கேட்டேன்:

"ரெண்டு பேருக்கும் இன்னிக்கே பாத்துருவீங்களா?"

"பாத்துருவோமுங்க."

அதற்குப் பிறகுதான், அக்கா, எழுந்து இடம் விட்டேன்.