வெட்டுக்காரர் பங்கு

டிசம்பர் 4, திங்கள்

விடியற்காலை முதல் மழை. வாடைக்காற்று. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. பிரஷர் குளிசை முடிகிறது, வாங்க வேண்டும்.

வாவியில் நீர் ஏறுகிறது. தோணி கட்டும் கட்டை பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

காலையில் தம்பி நேசன் வந்தான். தலை துவட்டத் துணி கொடுத்தும் வாங்கவில்லை. கட்டாருக்குப் போகிறானாம். மருத்துவப் பரிசோதனைக்குத் தை மாதம் கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. கொடுவா மீனுக்கு வலை போடுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவன். வயது நாற்பத்து நான்கு.

“போன தையிலிருந்து சித்திரை வரைக்கும் வலைய நனைச்சிக் காயப்போட்டதுதான் மிச்சம், அண்ணன். இந்த மாரிக்குப் பொறகும் அப்படித்தான் எண்டா, நான் என்னத்துக்கு இஞ்ச இரிக்க?”

எனக்கு இருப்பது ஒரே தம்பி. விலங்கியல் பட்டம், கால் நூற்றாண்டு உயர்தர வகுப்பு உயிரியல் ஆசிரியம், ஓய்வுக்குப் பின் மீனவர் சங்கத்தில் ஆலோசகர் என்றொரு நாற்காலி. அத்தனையும் இருந்தும், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் அமையவில்லை.

கொடுவா அற்றுப்போனதற்குத் தேநீர்க்கடையில் இன்று கேட்ட காரணங்கள்:

வெயில் கூடிவிட்டது.
இறால் பண்ணைக் கழிவு.
கரையோரச் சதுப்பில் கண்ணா மரக்காட்டை வெட்டியது.
கோயில் சடங்கில் குறை.
யாரோ செய்வினை.

முதல் மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஐந்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று: காரணம் சொல்பவர் எவரும் அந்தக் காரணத்துக்குள் இல்லை.

மீன் ஏற்ற வரும் காத்தான்குடி ஹனிபா காக்கா இந்த ஆண்டு முழுக்க வெறும் பெட்டியுடன் திரும்பிப் போனவர். இன்றும் கடையில் இருந்தார். “சேர், மீன் யாவாரத்த உட்டுட்டன். இப்ப ஐஸ் யாவாரம். கொண்டு வாறன், கரைஞ்சி போகுது, பொறகு போறன்.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 6, புதன்

மழை விட்டு விட்டு. குளிசை வாங்கவில்லை. குடை இன்னும் அப்படியே.

நாளை சங்கக் கூட்டம். பேச வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.

மாரியில் வாவி நிரம்புகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு. நீர் வெளியேற வழியின்றி, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் வெள்ளாமை மூழ்குகிறது. ஆகவே மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறக்கிறோம். இதில் பிழையில்லை. என் மனைவி யோகாவின் சீதனக் காணியும் அங்கேதான். வாய் வெட்டப்படாவிட்டால் எங்கள் வீட்டிலும் நெல் இல்லை.

முன்பு மண்வெட்டியால் வெட்டினார்கள். இடுப்பளவு நீரில் நின்று வெட்டியவர்களுக்கு வயல் செய்யும் கமக்காரர் அளித்த கைம்மாறு, வாயில் வலை போடும் உரிமை. ஒரே ஒரு நாள். மறுநாள் பொழுது சாயுமுன் வலையைத் தூக்கிவிட வேண்டும். அதற்கு வெட்டுக்காரர் பங்கு என்று பெயர். வெட்டியவர் சிலர்; அவர்களும் களைத்தவர்கள். மீன் தப்பியது.

இப்போது வெட்டுவது பெக்கோ இயந்திரம். மண்வெட்டி பிடித்தவர் எவரும் இல்லை. ஆதலால் ஊரில் எல்லோரும் வெட்டுக்காரர். ஒரு நாள் என்பது, வாய் மீண்டும் தூர்ந்துபோகும் வரை என்றாகிவிட்டது. களைப்பு மட்டும் இயந்திரத்துக்குப் போயிற்று, பங்கு நம்மிடமே தங்கிவிட்டது.

கொடுவா ஆணாகத் தொடங்கும் மீன். சில ஆண்டுகள் வளர்ந்த பிறகே பெண்ணாக மாறும். பெரிய மீன் என்றால் பெரும்பாலும் தாய். முட்டையிட உப்பு நீரைத் தேடி அது வாய்க்கு வரும் காலமும், நாம் வாயைத் திறக்கும் காலமும் ஒன்றே. மாரிக்கு மாரி, திறந்த வாசலில் நின்று தாய்களை மட்டும் தெரிந்தெடுத்துப் பிடித்துவிட்டு, தை மாதம் வெறும் வலையைப் பார்த்து வானத்திடம் காரணம் கேட்கிறோம்.

கேட்கப்போவது ஒன்று மட்டுமே. வாயை வெட்டுங்கள். கையால் வெட்டாத இடத்தில் வெட்டுக்காரர் பங்கும் இல்லை. வாயில் வலை வேண்டாம்.

நேசனிடம் சொன்னேன். “நீங்க பேசுங்க அண்ணன். நான் கை தூக்குறன்,” என்றான். பிறகு, “ஆனா அவனுகள் கேக்கமாட்டானுகள்.”

டிசம்பர் 7, வியாழன்

கூட்டம். சங்கக் கட்டடக் கூரையில் ஒழுக்கு, நடுவில் வாளி. பேசும் எவரும் வாளியின் ஓசையோடு போட்டியிட வேண்டியிருந்தது.

பேசினேன். குரலை உயர்த்தவில்லை. கொடுவா பெண்ணாக மாறுவதைச் சொன்ன இடத்தில் பின்வரிசையிலிருந்து கந்தசாமி எழுந்தான். கந்தசாமி ஊரின் கோமாளி. நல்ல வலைக்காரனும்கூட.

“சேர், வயசு போனா பொம்புளையா மாறுற எண்டா, நம்மட தலைவரையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டு வருசமா சங்கத்தில ஒரு முடிவும் எடுக்கிறாரில்ல, வீட்ட கேட்டுத்தான் சொல்லுறார்.”

கட்டடமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். வாளியைக் காலால் இடறிவிட்டார்கள். தண்ணீர் என் செருப்புவரை வந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு முதியவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: “தம்பி, நீங்க சொல்றது சரியாயிருக்கும். நாங்க வலைய தூக்கினா, அங்கால ஊர்க்காரன் தூக்குவானா?”

நியாயமான கேள்வி. “தூக்கச் சொல்வோம், முதலில் நாம் தூக்கிவிட்டு,” என்றேன். பதில் பலவீனமானது என்பது சொல்லும்போதே தெரிந்தது.

தலைவர்: “ஆதரவானவங்க கையத் தூக்குங்க.”

நேசன் தூக்கினான். நேராக, முழங்கை மடியாமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. வேறு கை இல்லை. கந்தசாமி கழுத்தைச் சொறிவதற்காகக் கையை உயர்த்தி, அவசரமாக இறக்கினான். அதற்கும் சிரிப்பு.

“சேர் சொன்னத யோசிப்பம்,” என்றார் தலைவர். அடுத்த விடயம்: கூரைத் தகடு.

வீடு வரும் வழியில் நேசன் முன்னே நடந்தான். கோபம் என்பது சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது குளிர்ந்து, வரம்பு கட்டி, உள்ளே நிற்கிறது.

டிசம்பர் 9, சனி

பெருமழை. தெருவில் கணுக்கால் அளவு நீர். கிணறு நிரம்பி வழிகிறது. பாண் ரொட்டி வரவில்லை.

படுவான்கரையிலிருந்து கமக்காரர் தோணியில் வந்து சங்கத் தலைவரைச் சந்தித்தனர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டைகளில் பயிரின் நுனியும் தெரியவில்லையாம். நாளை வெட்டுவதென முடிவு. பிரதேச செயலகமும் சம்மதம். பெக்கோ மாலையிலேயே வந்துவிட்டது.

யோகா: “இஞ்சருங்க, நம்மட வெள்ளாமையும் தண்ணிக்கதான் கிடக்கு. அங்க போய் வெட்டவேணாம் எண்டு நிண்டுராதீங்க.”

“வெட்ட வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.”

“சொன்னீங்களோ இல்லையோ, ஊரில அப்படித்தான் கதைக்காங்க.”

வலை வேண்டாம் என்றது, வெட்ட வேண்டாம் என்றதாகி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஒரு வாக்கியம் இத்தனை சிறிய ஊரைக் கடப்பதற்குள் தன் வினைச்சொல்லை இழந்துவிடுகிறது.

மாலையில் நேசன் வீட்டுக்குப் போனேன். கடவுச்சீட்டுப் படங்கள் மேசையில் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன, ஈரம் பட்டுவிட்டதாம். நாலு நேசன்கள், எவனும் என்னைப் பார்க்கவில்லை. நாளை வாய்க்குப் போகிறாயா என்று கேட்க நினைத்தேன். கை தூக்கியவனிடம் அதைக் கேட்பது அவமதிப்பு. கேட்காமல் திரும்பினேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

மழை நின்றது. மங்கலான வெயில்.

காலையில் வெட்டினார்கள். பெக்கோவின் கை சில தடவைகள் போய் வந்தது, அவ்வளவுதான். முதலில் ஓடைபோல ஒரு கோடு. பிறகு மணல் இருபுறமும் தானாக இடிந்து விழ, வாவி முழுவதும் அந்த வழியால் கடலுக்குள் இறங்கியது. நீரின் நிறம் தேநீர். கடலைத் தொட்ட இடத்தில் நுரை. பெண்கள் பிள்ளைகளோடு பார்க்க வந்திருந்தனர். கச்சான் கடலை விற்பவன்கூட வந்திருந்தான்.

வலைகள் வெட்டுக்கு முன்பே தயார். நம்மூர், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, பெயர் தெரியாத ஊர்கள். இரு கரையிலும் ஆளுக்கொரு முளை. வலைக்குப் பின்னால் வலை. கடைசி வலைக்கு என்ன மிஞ்சும் என்று எவரும் கேட்கவில்லை, ஏனெனில் மிஞ்சியது, அத்தனை மீன்.

கந்தசாமி ஒரு கொடுவாவைத் தூக்கி எனக்குக் காட்டினான். அவன் மார்பளவு நீளம். வயிறு புடைத்து, அழுத்தினால் முட்டை கசியும் நிலை.

“சேர், இது பொம்புளையா? சரியாப் பாத்துச் சொல்லுங்க.”

“பெண்தான்,” என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. பிறகு மீனைச் சாக்கினுள் போட்டான். வேறென்ன செய்வான். எனக்கும் தெரியவில்லை.

நின்றேன். எவரையும் திட்டவில்லை. மணலில் ஒவ்வொரு முளையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நேசனைத் தேடுகிறேன் என்பதை எனக்கே ஒப்புக்கொள்ளாமல்.

அவன் இல்லை. திரும்பும் வழியில் அவன் தோணி கட்டையிலேயே கிடந்தது. வலை கூரைக்கடியில்.

இன்று முழுவதிலும் நல்லது இது ஒன்றே.

படுவான்கரையில் நீர் வடிகிறதாம். யோகாவுக்கு மகிழ்ச்சி. பயிர் தப்பும்.

டிசம்பர் 11, திங்கள்

வெயில். குடை பழுது பார்க்கப்பட்டுவிட்டது, இனி மழை இல்லை.

காலை உணவுக்கு முன் நேசன் வந்தான். சாரன் தொடைவரை நனைந்திருந்தது. முதுகில் ஈரச் சாக்கு. முற்றத்தில் இறக்கினான். நேற்றுக் கந்தசாமி காட்டியதைவிடப் பெரிய கொடுவா. வாலைப் பிடித்துத் தூக்கியபோது யோகா “அம்மாடி” என்றாள்.

“மச்சாள், இது உங்களுக்கு. மத்ததெல்லாம் ஹனிபா காக்காட பெட்டிக்குள்ள போயிட்டு. பெட்டி பத்தல்ல மனிசனுக்கு. ஐஸ் வேணும் எண்டு கத்துறார்.”

நான் வாசலில் நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல், மீனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினான், முதுகைக் காட்டியபடி.

“நேத்து நான் போகல்ல, அண்ணன். வீட்டுக்கதான் கிடந்தன். எல்லார்ர வீட்டையும் மீன் பொரிக்கிற மணம். என்ர புள்ள வந்து கேக்கா, அப்பா, நம்மளுக்கு மட்டும் ஏன் இல்ல எண்டு.”

வாளியை மீண்டும் கிணற்றில் அமிழ்த்தினான்.

“கை தூக்கினவன் நான் ஒருத்தன். சரி. வெறுங்கையோட நிக்கிறவனும் நான் ஒருத்தனாத்தான் இரிக்கணுமா?”

தூக்கிய கையும் வலை இழுத்த கையும் ஒன்றே. இரண்டையும் எனக்காகவே செய்தான். முதலாவது என் சொல்லுக்காக. இரண்டாவது எதற்காக என்பதை அவனே சொன்னான்:

“கொழும்புக்கு வரல்ல எண்டு ஏஜென்சிக்காரனுக்குக் கோல் பண்ணிட்டன். இன்னும் ரெண்டு மூண்டு நாள் வாய் திறந்து கிடந்தா, இந்த வருசம் சமாளிக்கலாம். நான் போறது உங்களுக்கு விருப்பமில்லத்தானே.”

விருப்பமில்லை. போன திங்கள் முதல் இன்றுவரை நான் வேண்டியது அது ஒன்றுதான். கிடைத்துவிட்டது. அவன் இருக்கப்போகிறான், இந்த ஆண்டு. அடுத்த ஆண்டு அவனை இங்கே நிறுத்தியிருக்கக்கூடியது எங்கள் கிணற்றடியில் செதில் உரிபட்டுக் கிடக்கிறது.

யோகா வயிற்றைக் கீறினாள். சினை இரண்டு பக்கமும், முழங்கை நீளம், மஞ்சள். “இவ்வளவு சினையா,” என்றாள். பாதியை நேசனின் பிள்ளைக்கென்று வாழையிலையில் சுற்றி வைத்தாள்.

எழுத உள்ளே வந்தேன். எழுதிக்கொண்டிருக்கிறேன். குசினியில் எண்ணெய்ச் சத்தம். இருவரும் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். நேசன் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம்.

மணம் வருகிறது. வாய் ஊறுகிறது. மறைப்பதற்கில்லை.

“அண்ணன், வாங்க. உங்களுக்கெண்டு பெரிய துண்டு வெச்சிரிக்கன்.”

இரண்டாம் முறை கூப்பிடுகிறான்.