தர்ஷினியின் எடை

ஏப்ரல் 9, புதன்

வெயில். காலையிலேயே அங்கன்வாடி சென்டர் கூரை கொதிக்குது. ஃபேன் சுத்துது, காத்துதான் இல்லை.

எடை போடற நாள். சாந்தா அக்கா (எங்க ஆயா) தராசைத் துடைச்சு வெச்சாங்க. புள்ளைங்க அழுகை, ஓட்டம். ஒருத்தன் என் புடவையிலயே ஒண்ணுக்கு. வழக்கம்தான்.

தர்ஷினி மட்டும் அழலை. ரெண்டரை வயசு. ரயில்வே கார் ஷெட் பின்னாடி சந்துல தேவின்னு ஒரு பொண்ணு, அவளோட ரெண்டாவது. தராசுல வெச்சேன், வெச்ச மாதிரியே உக்காந்திருந்தா. போன மாசத்தை விடக் கம்மி. நம்பாம திரும்பப் போட்டேன். அதேதான். கையில அளவு நாடா சுத்தினா சிவப்புல நிக்குது, ரொம்ப மெலிவுன்னு அர்த்தம்.

கத்தற புள்ளைங்களைப் பத்தி எனக்குப் பயமே இல்லை. இப்படி சும்மா உக்காந்திருக்கறதுதான்.

மிக்ஸி ஜார் ரிப்பேருக்குக் குடுக்கணும். இவருக்கு சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு. எனக்கு முட்டி வலி.

ஏப்ரல் 11, வெள்ளி

சென்டர் முடிச்சு தேவி வீட்டுக்கு. ஒரே ரூம். புருஷன் குமார் கட்டில்ல, கால்ல மாவுக்கட்டு. பெயிண்ட் அடிக்கறப்ப சாரத்துலேருந்து விழுந்துட்டாராம். என்னைப் பாத்து எழுந்திருக்கப் பாத்தார். வேணாம்னேன். உக்கார இடமில்லை, வாசப்படியிலயே நின்னேன்.

தேவி அப்பதான் வேலையிலேருந்து வந்தா. கொரட்டூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல ஹவுஸ்கீப்பிங். விடியறதுக்குள்ள ட்ரெயின் புடிச்சாகணும்.

காலையில புள்ளைக்கு என்ன குடுக்கறேன்னு கேட்டேன்.

"நான் போசொல்ல தூங்கிகினு கீறா டீச்சர். இவரால எழுந்து ஒண்ணும் செய்ய முடியாது. பெரியவ கடைல எதுனா பாக்கெட்டு வாங்கிக் குடுத்துட்டு இஸ்கூலுக்குப் போய்டுவா."

"சென்டருக்கு அனுப்பலாம்ல?"

"யாரு இட்டாருவா? மும்தாஜ் அக்காவுக்கு முடிஞ்ச அன்னிக்கு இட்டாருவாங்க."

மும்தாஜ் பக்கத்து வீடு. பிளவுஸுக்கு ஹெம்மிங் பண்றவங்க.

பையிலேருந்து சத்துணவுப் படத்தை எடுத்து விரிச்சேன். பருப்பு, கீரை, குழந்தை சோத்துல ஒரு ஸ்பூன் எண்ணெய். ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேன். பொறுமையா கேட்டா. முடிச்சதும், "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுகினு கீறீங்க டீச்சர்?"

கோவமா கேக்கலை. அதான் என்னவோ போல இருந்துச்சு. படத்தைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

செய்முறை விளக்கம், மேலிருந்து உத்தரவு. முருங்கைக்கீரை போட்டு கேழ்வரகு அடை. வந்தவங்க கொஞ்சப் பேர். காதுல விழுந்தது:

"ருசியாத்தான் கீது. கேஸு யாரு குடுப்பா?"

"எங்க மாமியா கேவுரையே ஊட்டுக்குள்ள சேக்காது."

"போட்டோ எடுக்கறாங்க, நிமுந்து உக்காருடி."

கூட்டம் தெரியற மாதிரி எல்லாரையும் நெருங்கி உக்கார வெச்சு எடுத்தேன். சூப்பர்வைசர் மேடத்துக்கு அனுப்பினேன். உடனே கட்டை விரல் வந்துச்சு.

மும்தாஜ், தர்ஷினியை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தாங்க. அடையைப் பிச்சு ஊட்டினேன். வாங்கிக்கிட்டா. மெல்லலை, முழுங்கலை, துப்பவும் இல்லை. கன்னத்துல அப்படியே.

"அல்லா, வாயிலயே வெச்சுகினு கீது பாருங்க டீச்சர். முழுங்கு கண்ணு."

விரலை விட்டு நான்தான் எடுத்தேன்.

நர்ஸ் வந்திருந்தாங்க, வந்தவங்களுக்கெல்லாம் ரத்தம் பாத்தாங்க. எனக்கும். கம்மியாம். "டீச்சர், முதல்ல நீங்க கீரை சாப்பிடுங்க"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஏப்ரல் 21, திங்கள்

தர்ஷினியை டாக்டர் பாத்தாச்சு. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனி வார்டு இருக்காம். ரெண்டு வாரம் அம்மாவோட தங்கணும். தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டார்.

தேவி ஒரே வார்த்தை. "வேலை பூடும்."

அபார்ட்மென்ட் மேனேஜர் நம்பர் வாங்கி நானே பேசினேன். மரியாதையான மனுஷன். "குழந்தைதான் மேடம் முக்கியம். போகச் சொல்லுங்க, பாத்துக்கலாம்."

"அவரு சொன்னா ஆச்சா டீச்சர்?"

"நான் பேசிட்டேன்ல? நம்பிப் போ."

குமாரையும் பெரியவளையும் யார் பாக்கறதுன்னு அடுத்த கேள்வி. மும்தாஜ் துணியிலேருந்து தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "ஒலையில ரெண்டு கை அரிசி கூடப் போட்டா ஆச்சு. நீ கெளம்பு."

தேவி துணி எடுத்து வெச்சா. ஷேர் ஆட்டோ ஏத்திவிட்டேன். நல்லது பண்ணின நிம்மதி. வர்ற வழியில எனக்கே எனக்குன்னு ஒரு ரோஸ் மில்க்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவத்துல யானை, கிளி வரைஞ்ச வார்டு. தர்ஷினி மடியில உக்காந்து கிண்ணத்துல இருந்த பாலைக் குடிச்சுக்கிட்டிருந்தா. முடிஞ்சதும் நர்ஸ் கிண்ணத்தை எடுத்தாங்க. அழுதா! வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி. நடுவுல "இன்னும்"ங்கறா. அவ பேசி நான் கேட்டதே இல்லை.

தேவி முகமே வேற மாதிரி. "நானும் மூணு வேளை துன்றேன் டீச்சர். கண்ணாலத்துக்கு அப்பால இப்டித் தூங்கினதே இல்ல. வெக்கமா கீது."

"என்ன வெக்கம்?"

"அவரு அங்க படுத்துகினு கீறாரு. நான் இங்க நல்லாக் கீறேனே."

ட்ரெயின்ல சீட் கிடைச்சுது. ஜன்னலோரம். நல்ல நாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வார்டுலேருந்து நர்ஸ் ஃபோன். தேவி சொல்லாம கொள்ளாம புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாளாம். மதியம் சாந்தா அக்காகிட்ட சென்டரைக் குடுத்துட்டு ஓடினேன்.

வீட்டுலதான் இருந்தா. கூட வேலை பாக்கறவ காலையில ஃபோன் பண்ணியிருக்கா: உன் இடத்துல வேற ஆள் வந்தாச்சு. புள்ளையோட நேரா கொரட்டூர் போயிருக்கா. கேட்டுக்குள்ளயே விடலை. எவ்வளவு நேரம் வெயில்ல நின்னான்னு சொல்லலை.

மேனேஜருக்கு அவ முன்னாடியே ஃபோன் போட்டேன். "நான் சொல்லித்தான் வெச்சேன் மேடம். ஆள் அனுப்பற ஏஜென்சிக்காரங்க மாத்திட்டாங்க. என் கையில இல்லை."

யார் கையிலயும் இல்லை.

"உங்களைத் தப்பு சொல்லல டீச்சர்"னா தேவி. சொல்லியிருக்கலாம்.

புள்ளையையாவது திரும்பச் சேத்துடுன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிடுச்சு.

"வேலை தேடறதா, ஆஸ்பத்திரில குந்திகினு இருக்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, செய்றேன்."

நிஜமாவே கேட்டா. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. குமார் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். தர்ஷினி என் கைப்பையோட ஜிப்பை இழுத்து விளையாடிக்கிட்டிருந்தா. கொஞ்சம் தெம்பு வந்திருக்கு, அதான் கை நீளுது.

ஜிப்பை அவ விரல்லேருந்து மெதுவா எடுத்து, பையை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

மே 7, புதன்

தேவி வேலைக்காக அலைஞ்சது:
– இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேக்கிங் கம்பெனி. பத்தாவது வேணுமாம். அவ ஏழு.
– எங்க தெரு மெஸ். ஆள் இருக்கு.
– இவரோட ஃப்ரெண்டு வீட்டுல மேல்வேலை. சின்னப் புள்ளை இருக்கறவ லீவு போடுவா, வேணாம்.

மூணாவதுக்குச் சண்டை போடணும்னு நினைச்சேன். போடலை.

வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து சென்டருக்கு மே லீவு. தர்ஷினிக்கு சத்துமாவு பாக்கெட் கொண்டுபோய்க் குடுத்தேன். தேவி வாங்கி மேல் தட்டுல வெச்சா. அது நாலு பேருக்கும் கஞ்சியாகும்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மாங்கா ஊறுகாய் போட்டேன். உப்பு தூக்கல்.

மே 28, புதன்

சென்டர் திறந்தாச்சு. கூரையில ரெண்டு ஓடு மாத்தியிருக்காங்க, புண்ணியம்.

தர்ஷினி வரலை. போய்ப் பாத்தா கொடியில யாரோ வேற ஆளுங்க துணி. மும்தாஜ் வெளியே வந்தாங்க.

"வாடகை தர முடியல டீச்சர். குமாருக்கு கட்டு பிரிச்சாங்க, நொண்டித்தான் நடக்கறாரு. கரையான்சாவடி தாண்டி ஒரு பில்டிங்கு கட்றாங்களே, அங்க வாச்மேனு. இருக்க கொட்டா குடுத்துட்டாங்க. பெரியவ போசொல்ல என்னைக் கட்டிகினு அழுதா." ஊசியில நூல் கோத்துக்கிட்டே பேசினாங்க. நூல் நுழையவே இல்லை.

ஜூன் 4, புதன்

மீட்டிங். காலையிலயே சூப்பர்வைசர் மேடம் கேட்டாங்க: "அந்தப் புள்ளைய இடம் மாறிட்டாங்கன்னு போட்டாச்சா?" போட்டேன். ஃபோன்ல ஒரு அமுக்கு, என் லிஸ்ட்லேருந்து தர்ஷினி பேர் போயிடுச்சு, அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லார் முன்னாடியும் என்னை எழுந்து நிக்கச் சொன்னாங்க. "இவங்க சென்டரைப் பாருங்க. இப்ப ஒரு சிவப்பு கூட இல்லை. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினாங்க. மேடம் நல்லவங்கதான். அவங்களுக்கும் மேல யாரோ கேக்கறாங்க. "மேடம், அந்தக் குழந்தை…"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அடுத்த சென்டர் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. உக்காந்துட்டேன்.

சமோசா குடுத்தாங்க. தின்னேன். பசி.

ஜூன் 8, ஞாயிறு

தலைவலி, இருந்தும் கிளம்பிட்டேன். இவர், "லீவு நாள்ல கூடவா"ன்னார். பூந்தமல்லி பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, மிச்சம் நடை. சத்துமாவு, வாழைப்பழம், பெரியவளுக்கு ஒரு பழைய சுடிதார்.

நாலு மாடி எழும்பியிருக்கு. கீழே தகரக் கொட்டாய். குமார் ஸ்டூல்ல, கையில விசில். தேவி செங்கல் தூக்கிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் சும்மாட்டை அவுத்து முகம் துடைச்சுக்கிட்டா.

"அடையாளம் புடிச்சு வந்துட்டீங்களே!" கண்ணு நிறைஞ்சு போச்சு அவளுக்கு.

தர்ஷினி மணல் மேல. தூக்கினேன். தராசே வேணாம். ஆஸ்பத்திரியில ஏறினதெல்லாம் போயிருக்கு. என் ஜிப்பு அவளுக்கு ஞாபகமில்லை, கையும் நீட்டலை.

அந்த ஏரியா அங்கன்வாடி டீச்சர் நம்பரை விசாரிச்சு வாங்கியிருந்தேன். பேசினேன். "கூட்டிட்டு வரச் சொல்லுங்க மேடம், சேத்துக்கறேன்." நல்ல மாதிரி. ஆனா சென்டர் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரியா ஓடுது. குமாரால தூக்கிக்கிட்டு ரோடு தாண்ட முடியாது. தேவி வேலையை விட்டுட்டு இறங்கினா மேஸ்திரி சும்மா இருக்கமாட்டான். ஆஸ்பத்திரின்னு நான் வாயே திறக்கலை. அவளும்.

டீ போட்டா. வேணாம் வேணாம்னேன், கேக்கலை. டம்ளர் நிறைய, பால் கெட்டியா, எனக்கு மட்டும். அவங்களுக்குப் பாலில்லாத வெறும் டீ. தர்ஷினி என் டம்ளரையே பாக்கறான்னு நினைச்சு ஆத்தி வாய்கிட்ட கொண்டுபோனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

"நீங்க குடிங்க டீச்சர். அதுக்கு இப்பல்லாம் பசியே எடுக்கறதில்ல."

குடிச்சேன். அவ பாத்துக்கிட்டே நின்னா, நான் முழுசா குடிக்கறேனான்னு.

கிளம்பும்போது கேட்டு வரைக்கும் வந்தா. செங்கல் தூள் கையால என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அடுத்த தபா வரசொல்ல ஒரு ஃபோன் போட்டுட்டு வாங்க. எதனா ஆக்கி வெப்பேன். இன்னிக்கு உங்களை வெறும் வயித்தோட அனுப்பறேன்."