வெறும் வயிறும் ஐம்பது திராட்சையும்

சுருளிப்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கயலுக்கு அப்பா சீனிச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தோட்டத்து நாய் மூவரும் நலம், நாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் நலம், காரணம் பின்னால் வருகிறது. ஜெர்மனிக் குளிரில் நீயும் உன் ஆய்வுக்கூடத்து எலிகளும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தாள் தாளாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ திட்ட ஆரம்பிப்பாய், நான் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுவேன். இப்படி எழுதிப் போட்டோ பிடித்து அனுப்பினால் கடைசி வரை படித்துவிட்டுத்தானே திட்ட முடியும்.

தேனியில் எடுத்த ஸ்கேனில் என் கணையம் சுத்தமாக இருக்கிறது என்று வந்த பிறகும் நீ விடவில்லை. "கட்டி இல்லேன்னா ஆறு கிலோ எங்கப்பா போச்சு, அம்பத்தெட்டு வயசுல திடீர்னு சுகர் எங்கயிருந்து வந்துச்சு" என்று கேட்டாய். சுகர் புதிதாக வந்து எடையும் இறங்கினால் சில பேருக்குக் கணையத்தில் புற்று ஒளிந்திருக்கும், ஸ்கேனில் சிக்காத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கும் என்று சொல்லி, ஐந்து மாதச் சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு வரப் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாய். ஆத்தா, அந்த ஆறு கிலோ எங்கே போனதென்று எனக்குத் தெரியும். நாய்க்குப் போனது.

பொங்கலன்று பேசும்போது உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, நம் திராட்சைக் கொடியில் வீணாகக் கிளைக்கிற தளிர் பழத்துக்குப் போகும் சத்தை உறிஞ்சுகிற மாதிரி புற்றுச் செல்லும் உடம்பின் சாப்பாட்டைத் திருடுகிறது, அது எதைத் தின்று வளர்கிறது என்று பார்த்து, முன்னாடியே கண்டுபிடிக்க வழி தேடுவதுதான் என் வேலை என்று. கொழுப்பைத் தின்று பெருத்த எலிகளுக்குக் கட்டி சீக்கிரம் வளர்கிறது, அளவாகத் தின்ற எலிகளுக்கு மெதுவாகத்தான் வளர்கிறது என்றும் சொன்னாய். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு அன்றைக்குப் பார்த்து அறிவியல் புரிந்து தொலைத்தது. எலிக்கு ஆகிறது எனக்கு ஆகாதா என்று, அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிடும் ராத்திரி இட்லியைத் தோட்டத்தில் நாய்க்குப் போட்டுவிட்டு மூன்று மாதம் பட்டினி கிடந்தேன். நான் இளைத்ததை உலகமே பார்த்தது, நாய் உருண்டதை ஒருவரும் கேட்கவில்லை. உன் அம்மா மட்டும் ஒருநாள், "என்னங்க, இதுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கணும் போலருக்கு" என்றாள், நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுகர் கதை இதைவிடக் கேவலம். குலை வெட்டு நெருங்கினால் விடியக்காலையில் பந்தலுக்குள் போய்க் குலைக்குக் குலை நுனிப்பழத்தைக் கடித்துப் பார்ப்போம், நுனிதான் கடைசியில் பழுக்கும், அது இனித்தால் குலை முழுக்க இனிக்கும், உனக்குத் தெரியாததா. முதல் தடவை சுகர் பார்க்க ரத்தம் கொடுத்த அன்றும் அப்படி ஐம்பது பழமாவது பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். டீகூடக் குடிக்கவில்லை, வெறும் வயிறு என்றுதான் மனசார நம்பினேன், பழம் பார்க்கிறதைச் சாப்பாடு என்று நம் ஊரில் யார் சொல்வார்கள். ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார், அன்றும் அதே கூத்து. ரத்தம் எடுக்கிற ஜெபஷீலா என் வாயைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒண்ணும் சாப்பிடலேங்கிறீக, நாக்கு ஏன் இப்படி நாவப்பழமாட்டம் கெடக்கு?" என்றாள். கொட்டையைத் துப்பிவிட்டேனே தாயி என்றேன். அந்தப் பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "நாளைக்குப் பந்தல் பக்கமே எட்டிப் பாக்காம நேரா இங்கன வாங்க" என்றாள். மறுநாள் பார்த்தால் சுகர் நூற்று நாலுதான். மூன்று மாதச் சராசரியும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது, மாத்திரை வேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இப்போது ராத்திரி மூன்று இட்லி என் கணக்கு, நாய் என்னோடு பேசுவதில்லை.

இதெல்லாம் தெரிந்து நாலு நாள் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்றால், நீ வருகிறாய் என்றதும் வாய் தன்னால் மூடிக்கொண்டது. மூன்று வருடம் ஆயிற்று உன்னை நேரில் பார்த்து. கணையம் சாக்கிலாவது வரட்டுமே என்று இருந்துவிட்டேன். ஆனால் ஸ்கேன் எடுத்த இடத்தில் கடமலைக்குண்டு ராக்கையா என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். சுகர் மாத்திரையால் இளைக்கிறார் என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம், பார்த்தால் கணையத்தில் கட்டி. உன் வயசில் இருக்கும் அவர் மகள், ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தவள், "கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆபரேசன் பண்ணிருக்கலாம்னு சொல்றாக" என்று யாரென்றே தெரியாத என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த நாலு நாளும் அவள் முகம்தான் கண்ணில் நிற்கிறது. முன்னாடியே தெரிவதற்குத்தானே நீ அங்கே எலி வளர்க்கிறாய், ஐம்பது திராட்சை தின்ற கிறுக்கனுக்காக அதைப் பாதியில் போட்டுவிட்டு வராதே.

நீ எல்லா நலமும் பெற்று வாழ அப்பா அம்மா ஆசீர்வாதம். சோதனை சோதனை என்று நீயும் பட்டினி கிடக்காதே, அந்த வித்தையை நான் பார்த்துவிட்டேன். பதினெட்டாம் தேதிக்கென்று அம்மா முறுக்கு மாவு அரைத்து வைத்துவிட்டாள், அவளிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை. டிக்கெட்டை உன் சோதனை முடிகிற மறுநாளைக்கு மாற்றிவிடு. மாற்று என்றுதான் எழுதியிருக்கிறேன், ரத்து பண்ணு என்று எழுதவில்லை, இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கூண்டுக்கு வெளியே திரியும் எலி,
அப்பா சீனிச்சாமி