ஆறாம் விதியும் ஒரு கறுப்புத் திரையும்

அருமை வாண்டுக்கு,

உன் அரை அப்பனும் முழுச் சித்தப்பனுமாகிய நான் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடிப்படியில் குடியேறிய பூனையும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி அப்படியே இருக்க வேண்டும். முதலில் தலைபோகிற விஷயம்: உன் அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. போனில் நான் சொன்னால் சித்தப்பா சமாளிக்கிறார் என்கிறாய், அவருக்கோ போனில் பாதி காதில் விழாது, ஸ்பீக்கர் மாட்டிய உன் பழைய லேப்டாப்தான் கதி. அதனால்தான் இந்தச் சாசனம்.

நடந்ததைக் கேள். அந்த லேப்டாப் போன மாதம் மூச்சுவாங்க ஆரம்பித்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு நான் குளித்து, துணி துவைத்து, காயவைத்து, மடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். ஏன் என்று ஆராய்ந்தேன். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று, லேப்டாப்பை எப்படி இயக்குவது என்று அப்பாவுக்காக எழுதிச் சுவரில் ஒட்டிய தாளில் ஆறாம் விதி என்ன? எது கேட்டாலும் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிடுங்கள் அப்பா. புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று அது ஆறு வருஷமாகக் கெஞ்சியிருக்கிறது, கல்லும் கரைந்திருக்கும், உன் அப்பா கரையவில்லை. சரி, அதை ஓட்டுகிற பழைய விண்டோஸைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் லினக்ஸ் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன், மனித குலம் காணாத அறுவை சிகிச்சை அது. போட்டோக்களை முன்னாலேயே தனியாக எடுத்துவைத்துவிட்டேன், பதறாதே, நீ பல் விழுந்து நிற்கும் போட்டோ பத்திரம். பென் டிரைவைச் சொருகி, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி அதே. மூன்றாம் தடவைதான் பிடிபட்டது, பழையதை அழிக்கட்டுமா என்று அது கேட்கக் கேட்க இவர் ‘வேண்டாம்’ அழுத்தியிருக்கிறார். அவரைச் சமையலறைக்கு நாடுகடத்திவிட்டு வேலையை முடித்தேன். அப்புறமும் விட்டாரா, தாளில் இருக்கிறபடிதான் எல்லாம் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இரண்டு நாள் உட்கார்ந்து, இடது மூலையில் வீடியோ அழைப்புக்கான நீலப் பொத்தான், அதன் கீழே உன் முகம் என்று முதல் ஐந்து விதிக்கும் பொருத்தமாக நகர்த்திவைத்தேன். அரண்மனை கட்டியவன்கூட இவ்வளவு பாடுபட்டிருக்கமாட்டான்.

ஆறாவதை மறந்தேன், அதுதான் என் குற்றம். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது நீ அழைத்திருக்கிறாய். கேமராவையும் மைக்கையும் திறக்கட்டுமா என்று புதுசு கேட்டிருக்கிறது, அவர் எதை அழுத்தியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா. இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான் வேலை என்று சொல்லிவிட்டு நீ கறுப்புத் திரையைப் பார்த்து, பேசுங்கப்பா, கோபமா என்று கேட்டாயாம். அவருக்கு நீ தெரிந்தாய், நீ பேசியதும் காதில் விழுந்தது. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து பதிலும் சொல்லியிருக்கிறார். நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய். நான் வந்தபோது மனுஷன் அப்படியே உட்கார்ந்திருந்தார், இவ்வளவு சொல்லியும் அழுறாளேடா என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன்: “ரெண்டு வருஷம்தானேம்மா, இருந்துட்டு வா. நான் எங்க போயிடப் போறேன். ராத்திரி மட்டும் தனியா உக்காந்து சாப்பிடாத, யாரையாவது கூப்பிட்டு வச்சுக்க.”

இனிமேல் அது கேட்டால் ‘சரி’ என்று அழுத்துங்கள் என்றேன். என் பொண்ணு எழுதினதை மாத்த நீ யாருடா என்கிறார். அதுவோ ஒவ்வொரு அழைப்புக்கும் கேட்கும். வரும் ஞாயிறு அவர் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்து, அவர் தேடுகிற நேரத்தில் நானே திருட்டு ‘சரி’ அழுத்திவிடுகிறேன், ஆயுள் முழுக்கக் கண்ணாடி ஒளிக்க என்னால் ஆகாது. ஆகவே அந்தத் தாளையே உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், கூரியர்காரர் சனிக்கிழமைக்குள் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். ஏழாம் விதியை உன் கையால் எழுதி அனுப்பு.

நீ எல்லா நலமும் பெற்று, சித்தப்பாவைவிடப் புத்தியோடு நூறு வயது வாழ்க. மறக்காதே, தாளைக் கசக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும், சுவரில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது, அவர் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறார். எழுத வசதியாக ஆறாவதன் கீழே அவரே பென்சிலில் கோடு போட்டிருக்கிறார். ஒரு விதிக்கு ஒரு கோடு போதுமே அண்ணா என்றேன். வேற ஏதாவதும் எழுதுவாள் என்று பத்துக் கோடு போட்டுத் தந்தார்.

இப்படிக்கு,
உன் லேப்டாப்பைக் கொன்று உயிர்ப்பித்த
சித்தப்பா